பேர் வருது, குரல் வரலை

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பேக்கப் அக்கா. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வயது நாற்பத்தாறு. அவளைவிட ஐந்து வயது மூத்த மேலாளரே சில சமயம் வாய் தவறி "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, இருமிச் சமாளிப்பார். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் வீட்டுக்காரரைக் கேட்டால், "ஊர்ல எல்லாரும் செஞ்சு வெச்சதை இவ இன்னொரு தடவ எடுத்து வெப்பா" என்பார். அவர் மருந்துக் கடைக்காரர். சொன்னதில் பெரிய பிழை இல்லை. அக்காவின் நிறுவனம் மருத்துவமனைகள், பரிசோதனைக் கூடங்கள், சிறு மையங்கள் என்று நாற்பத்தொரு இடங்களுக்குக் கணினி வேலை பார்த்தது. அந்த இடங்களில் சர்வர் பெட்டி ஒன்றும் கிடையாது. எல்லாருடைய சர்வரும் கிளவுடில், அதாவது ஒரு பெரிய நிறுவனம் எங்கோ ஒரு கட்டடத்தில் வைத்து வாடகைக்கு விடும் இயந்திரங்களில் ஓடியது. அவற்றை நாள்தோறும் நகல் எடுத்து, கடல் தாண்டி வேறொரு தேசத்தில் இருக்கும் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்பார்கள் அந்தக் கிடங்கை. அங்கே எதையும் பிரித்துத் திருத்த முடியாது. பொட்டலமாகக் கட்டி எண் போட்டு வைக்கலாம், பொட்டலமாகவே எடுக்கலாம். வைத்த பொட்டலத்தைக் கெடு முடியும்வரை யாரும், அக்காவே நினைத்தாலும், அழிக்க முடியாது. தினசரிப் பொட்டலத்துக்குக் கெடு முப்பது நாள். மாதக் கடைசியில் எடுக்கும் பொட்டலத்துக்கு ஒரு வருஷம்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு அறிக்கை வரும். நாற்பத்தொரு வரி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பச்சை டிக். பச்சை இல்லாத நாளில் அக்கா காப்பியைத் தொட மாட்டாள். அப்படிப்பட்ட நாள் வருஷத்துக்கு இரண்டு வந்தால் அதிகம்.

இந்தத் தொழிலில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை புழங்குகிற வார்த்தை ஒன்று உண்டு. எடுத்தாச்சா? ஆச்சு. அனுப்பியாச்சா? ஆச்சு. நம் பாஷையில் இத்தனை சௌகரியமான வார்த்தை வேறு இருக்கிறதா தெரியவில்லை. கதவைப் பூட்டியாச்சு, அடுப்பை அணைச்சாச்சு என்று சொல்லிப் பாருங்கள். காரியம் முடிந்துவிட்டது, சரி. முடித்தது யார் என்று தேடினால் அந்த வார்த்தைக்குள் ஒரு ஆளையும் காணோம். வேலை தானே எழுந்து, தானே நடந்து, தானே கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு எப்போதுமே அந்த வார்த்தை மேல் கொஞ்சம் சந்தேகம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த வாடகைக் கட்டடத்தில் கூரைக்கு மேலே ஓடிய தண்ணீர்க் குழாய் வெடித்தது. ஒரு கூடம் முழுக்க நனைந்தது. அந்தக் கூடத்தில்தான் நாற்பத்தொன்றும் இருந்தன. பத்து மணிக்கு அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. இயந்திரங்களையும் அவற்றின் டிஸ்குகளையும் மீட்க வழியில்லை, வாடிக்கையாளர்கள் தங்கள் நகலிலிருந்து மீட்டுக்கொள்ளவும், வருந்துகிறோம்.

மேலாளருக்கு முகம் வெளுத்தது. அக்காவுக்கு, வெளியே சொல்ல வெட்கம், உள்ளூர ஒரு சந்தோஷம். பதினெட்டு வருஷமாக வெள்ளம் வருமுன் அணை போட்டுக்கொண்டிருந்தவள் அவள். வெள்ளம் வந்தால்தானே அணையை நாலு பேர் பார்ப்பார்கள்! புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கிடங்கிலிருந்து பொட்டலங்களை இறக்க இறக்க, உடன் வேலை பார்க்கும் நெட்டை வேறொரு கட்டடத்தில் புது சர்வர்களை எழுப்பிக்கொண்டே வந்தான். சர்வர் எழுப்புவதும் அதில் டிஸ்க் மாட்டுவதும் அவன் வேலை. ஆறடி இரண்டு அங்குலம், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருப்பவன். மதியம் மூன்று மணிக்கு நாற்பத்தொன்றும் எழுந்து நின்றன. மேலாளர் எழுந்து கை தட்டினார். அறையில் எல்லாரும் தட்டினார்கள். "எல்லாம் சரியாச்சா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆச்சு" என்றாள் அக்கா.

மூன்றே காலுக்குப் பேச்சு மையத்திலிருந்து தொலைபேசி வந்தது.

பேச்சு மையம் என்பது தொண்டையில் புற்றுநோய் வந்தவர்கள் போகிற இடம். குரல்வளையை எடுக்கிற அறுவைக்கு முன்னால், நோயாளியை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து நானூறு வாக்கியங்கள் வாசிக்கச் சொல்வார்கள். அதிலிருந்து ஒரு மென்பொருள் அவருடைய குரலைக் கட்டித் தரும். பிறகு அவர் கையகலக் கருவியில் எழுதினால், கருவி அவர் குரலிலேயே பேசும். பதிந்த ஒலி எல்லாம் நேராக சர்வருக்குப் போய்விடும். நோயாளியின் ரகசியம் என்பதால் அந்த அறைக் கணினியில் ஒரு துணுக்கும் தங்காது.

பேசியது அங்கே பேச்சுப் பயிற்சி தருகிற பெண். "அக்கா, நோயாளிங்க பட்டியல் எல்லாம் வந்துடுச்சு. பேர் வருது, குரல் வரலை."

"ஹெட்போன் சரியா இருக்கா பாரும்மா."

"ஹெட்போன் இல்லக்கா. ஃபைலே இல்லைங்குது. யாரை அழுத்தினாலும் அதையேதான் சொல்லுது."

அக்கா திரையில் தேடினாள். தொலைந்துபோன பழைய சர்வரின் விவரத்தில் இரண்டு டிஸ்க் இருந்தது. பேக்கப் பட்டியலில் ஒன்றுதான் இருந்தது. அவர்களுடைய ஏற்பாட்டில், ஒரு சர்வரைப் பட்டியலில் சேர்க்கும்போது அன்றைக்கு அதில் என்ன டிஸ்க் இருக்கிறதோ அதுதான் ஏறும். பின்னால் மாட்டுகிற டிஸ்க் தானாக ஏறாது. ஒருவர் உட்கார்ந்து கையால் ஒரு டிக் போட வேண்டும். அந்த ஒருவர் அக்கா.

இரண்டு மாதத்துக்கு முந்தைய செய்திகளைத் தேடி எடுத்தாள். மூன்றாம் தேதி காலையில், முப்பது செய்திகளுக்கு நடுவில், நெட்டை எழுதியிருந்தான்: பேச்சு மையத்துல இடம் பத்தலை, புது டிஸ்க் மாட்டி ஒலி எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டேன். அதை அக்கா அன்று பார்க்கவே இல்லை. மாலையில் அவன் மறுபடி எழுதியிருந்தான்: பேச்சு மையம் பேக்கப்ல சேர்த்தாச்சா? கீழே அவள் பதில்: ஆச்சு. அவன் டிஸ்கைக் கேட்டிருக்கிறான். அவள் சர்வரைச் சொல்லியிருக்கிறாள். சர்வரைச் சேர்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இரண்டு மாதமாகக் காலை ஒன்பது மணிக்கு வந்த பச்சை டிக்கும் பொய் சொல்லவில்லை. இருந்த ஒரு டிஸ்கை அது ஒழுங்காகத்தான் எடுத்து வைத்தது.

அதோடு போயிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். ஆனால் இன்னொன்று இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில சர்வர்களைக் கிடங்கிலிருந்து இறக்கி, எழுப்பி, எல்லாம் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் அவள் சோதித்தவற்றில் பேச்சு மையமும் ஒன்று. சர்வர் எழுந்தது. நோயாளிகள் பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு முக்கோணப் பொத்தான், அழுத்தினால் குரல் கேட்கும். அவள் அழுத்தவில்லை. மணி ஒன்று. பசி. படிவத்தில் "திறந்து பார்க்கப்பட்டது" என்ற இடத்தில் டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். ஒரே ஒரு பெயரை அழுத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அன்று மாலையே அந்த டிஸ்க் கிடங்குக்குப் போயிருக்கும். இது அவளுக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியே இல்லை.

மையத்தில் மொத்தம் முப்பத்தோரு பேருடைய குரல்கள். ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இருபத்தாறு பேருக்கு இன்னும் அறுவை ஆகவில்லை, மறுபடி கூப்பிட்டுப் பதியலாம். நான்கு பேர் டிஸ்க் மாற்றத்துக்கு முன்னால் பதிந்தவர்கள், மாதக் கடைசிப் பொட்டலத்தில் இருப்பார்கள். ஒருவர் மிச்சம்.

"பிரேக் மாஸ்டர்" என்றாள் பயிற்சிப் பெண். தொலைபேசியில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஆபரேஷன் ஆகிப் பதினோரு நாள்க்கா. வர்ற திங்கள்கிழமை அவர் குரலைக் கட்ட ஆரம்பிக்கறதா இருந்தோம்."

பிரேக் மாஸ்டரை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவர். வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் போடுகிற சத்தத்தில் எதிரே வருகிறவன் பிரேக் போடுவான் என்பார்கள். அதனால்தான் அந்தப் பெயர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு ஊரில் அவரைத்தான் காட்டுவார்கள். அப்படிப்பட்டவர் அறுவைக்குச் சம்மதித்ததே இந்தக் குரல் திரும்ப வரும் என்ற ஒரே உறுதியில்தான். பயிற்சிப் பெண்தான் கையைப் பிடித்து உறுதி சொன்னாள்.

மாலை ஐந்து மணிக்கு மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போட்டார். அவர், அக்கா, நெட்டை, மூன்றே பேர். மையத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது. "கிளவுட் வழங்குநரின் கட்டடத்தில் ஏற்பட்ட நீர்க்கசிவு காரணமாகச் சில ஒலிப்பதிவுகள் இழக்கப்பட்டன என்பது வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது."

"சார், தண்ணியால போகலையே. நம்மகிட்ட நகல் இல்லாததாலதானே போச்சு" என்றாள் அக்கா.

"தண்ணி வந்தது பொய்யா? இல்ல. பதிவு போனது பொய்யா? இல்ல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதறோம். அவ்வளவுதான்." மேலாளர் மோசமானவர் இல்லை. நாற்பது பேருக்குச் சம்பளம் போடுகிறவர். "இதைப் பிரிச்சு மேஞ்சா யார் தலை உருளும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டு, நெட்டையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் சோறு நல்ல பொலபொலவென்று வெந்திருந்தது. அக்கா தலையாட்டினாள். அந்த நிமிஷம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தண்ணீருக்கு வாய் இல்லை, எத்தனை பழி போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.

வெளியே நடையில் நெட்டை அவளை நிறுத்தினான். "அக்கா, அன்னிக்கு நான் இன்னும் தெளிவாக் கேட்டிருக்கணும். டிஸ்க்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா..."

"நீ காலைலயே எழுதியிருந்தே. நான் படிக்கலை."

"நீங்க ஆச்சுன்னதும் நானும் விட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நைட்டெல்லாம் எனக்குத் தூக்கம் வராதுக்கா."

"உனக்கென்ன, தூங்கு. இது உன் கணக்குல வராது" என்றாள். அவளுக்கே தன் குரல் கரகரவென்று கேட்டது.

போகுமுன், டிஸ்க் மாற்றியதற்கு முந்தைய மாதக் கடைசிப் பொட்டலத்தை வரவழைக்கக் கட்டளை கொடுத்தாள். பழைய பொட்டலங்கள் கிடங்கின் ஆழத்தில், குளிர்ப் பகுதி என்று சொல்வார்களே, அங்கே இருக்கும். கேட்டதும் வராது, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நான்கு பேருடைய குரலுக்காகத்தான் கேட்டாள். பிரேக் மாஸ்டர் அதில் இருக்க வாய்ப்பில்லை, அவர் வாசித்தது அதற்கு அடுத்த வாரம். இருந்தாலும் பதிவு அறையின் வருகைப் பட்டியலை ஒருமுறை வரி வரியாகப் படித்தாள். அந்த மாதத்தின் கடைசி நாள், பகல் பதினொன்றரை: பிரேக் மாஸ்டர், மைக் சோதனை.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் பார்த்தார். "வாசக் கதவு பூட்டியாச்சா?" என்று சும்மா கேட்டார். அவள் எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, "பூட்டலை. இப்ப நான் பூட்டினேன்" என்றாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

எல்லாவற்றையும் சொன்னாள். அழுத்தாத பொத்தான்வரை சொன்னாள். 

"கடிதம்தான் போகுதே, அது போதாதா?" என்று அவளே கேட்டாள்.

"நான் மாத்திரைய மாத்திக் குடுத்துட்டேன்னு வெச்சுக்கோ. கடைய மூடிட்டு உக்காந்து கடிதமா எழுதுவேன்? செருப்பக்கூட மாட்டாம ஓடுவேன்." தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் தள்ளினார். "ஆனா ஒண்ணு. நான் ஓடறது மருந்து உள்ள போறதுக்குள்ள தடுக்க. நீ போய் எதைத் தடுக்கப் போற? அத யோசிச்சுக்கோ."

 விடிகிறவரை அவள் அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

புதன்கிழமை காலை பொட்டலம் வந்திருந்தது. நான்கு பேருடைய குரலும் முழுசாக இருந்தன. இந்தத் தடவை நான்கையும் கடைசி வாக்கியம்வரை காதில் போட்டுக் கேட்டாள். பிறகு மாஸ்டருடைய துண்டு. நாற்பத்தெட்டு விநாடி. மையத்தின் மென்பொருளுக்குக் குறைந்தது இருநூறு வாக்கியம் வேண்டும். கொஞ்சூண்டு குரலை வைத்தே முழுக் குரல் செய்கிற மென்பொருள்கள் இருக்கின்றனவாம். ஆனால் இதில் பாதி நேரம் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், மீதியில் சிரிப்பு. "செய்யலாம்க்கா. யாரோ ஒருத்தர் குரல் வரும், அவர் குரல் வராது" என்றாள் பயிற்சிப் பெண். அவர் வீட்டில் வேறு பதிவு உண்டா என்றும், காரணம் சொல்லாமல், அவளே கேட்டுவிட்டாள். கைப்பேசியில் மூன்று வீடியோ, மூன்றிலும் வண்டிச் சத்தம்.

அக்கா மேலாளரிடம் கேட்கவில்லை, சொன்னாள். "சார், நான் அவர் வீட்டுக்குப் போறேன். கடிதத்துல எனக்குச் சம்மதமில்லை."  "போறது உங்க இஷ்டம். ஆனா நிறுவனம் அனுப்பின மாதிரி போகாதீங்க" என்றார் மேலாளர். அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மாஸ்டரின் ஓட்டுநர் பள்ளி கீழே, வீடு மேலே. வாசலில் இரண்டு பக்கமும் பிரேக் வைத்த சின்ன வண்டி நின்றது. அதில் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு நர்ஸ், சீருடையோடு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யாருக்கோ காத்திருந்தாள். அறுவைக்குப் பின் மாஸ்டர் வண்டியில் ஏறவில்லை, அவருடைய உதவியாளர்தான் வகுப்பு எடுக்கிறார். மாடிக் கூடத்தில் மாஸ்டர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, மடியில் எழுதி அழிக்கிற பலகை. ஆள் அக்கா எதிர்பார்த்ததைவிடச் சின்ன உருவம். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்கதவை ஒட்டி நின்றாள். அந்த அம்மா பேசியதைக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. இருபத்தேழு வருஷமாக அந்த வீட்டில் சத்தம் அவர் இலாகா.

"பேச்சு மையத்தோட சர்வர் விஷயமா வந்தேங்க" என்று அக்கா ஆரம்பித்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்ததுதான். "கட்டடத்துல தண்ணி புகுந்து மெஷின் எல்லாம் போயிடுச்சு. உங்க பதிவு பேக்கப்ல எடுக்கப்படலைங்க."

மாஸ்டர் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் பலகையில் எழுதித் திருப்பினார். யாரு?

"எங்க ஆபீஸ்ல ஒரு டிஸ்க் பட்டியல்ல சேர்க்கப்படாம..."

அவர் அதே வார்த்தையின் மேல் பேனாவால் தட்டினார். யாரு?

"நான்" என்றாள் அக்கா. "பேக்கப் எடுக்கறது நான். சேர்த்தாச்சான்னு கேட்டாங்க, பார்க்காமலே ஆச்சுன்னு சொன்னது நான்." இத்தோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் மேலே கேட்கவில்லை. "மூணு வாரம் முன்னாடி சோதனை பண்ணதும் நான்தான். பட்டியல்ல உங்க பேர் வந்துச்சு. குரலைப் போட்டுக் கேக்கலை. பசியில எழுந்து போயிட்டேன். அன்னிக்குக் கேட்டிருந்தேன்னா உங்க குரல் இன்னிக்கு இருந்திருக்கும்."

 மாஸ்டர் மனைவியைப் பார்த்தார், மனைவி தரையைப் பார்த்தாள்.

"கிடைச்சது இவ்வளவுதான்" என்று அக்கா தன் மடிக்கணினியைத் திறந்து மேஜையில் வைத்தாள். முக்கோணத்தை அழுத்தினாள்.

"சார், ஒண்ணுலேர்ந்து பத்துவரைக்கும் சொல்லுங்க" என்றது பயிற்சிப் பெண்ணின் குரல்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... எதுக்கும்மா, எனக்கு எண்ணத் தெரியுமான்னு பாக்கறியா?" கூடம் அதிர்ந்தது. ஜன்னல் கம்பிவரை போய்த் திரும்புகிற குரல்.

"கொஞ்சம் மெதுவா சார், மைக் அடிக்குது."

"மெதுவாவா! வண்டிச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே வயசானவன்மா நான், என்னப் போய் மெதுவாப் பேசுங்கறியே?" சிரிப்பு. நாற்காலி நகர்கிற ஓசை. பிறகு குரல் வேறு பக்கம் திரும்பியது. "ஏய், நீ ஏன் கதவோரமா நிக்கற? உள்ள வா. வந்து உக்காரு."

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

கதவோரம் நின்றிருந்த மாஸ்டரின் மனைவி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யோசித்துச் செய்யவில்லை. குரல் சொன்னது, கால் நடந்தது. உட்கார்ந்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் மாஸ்டரின் முகம் மாறியது. கழுத்து நரம்பு துணிக்கு மேலே புடைத்தது. வாய் திறந்து மூடியது. காற்று வந்தது, வேறொன்றும் வரவில்லை. பலகையை இழுத்து எழுதினார், பாதியில் அழித்தார், மறுபடி எழுதினார். கோபத்தின் வேகத்துக்குக் கை ஓடவில்லை. நாலு சொல்லில் பலகை நிரம்பிவிடுகிறது, அழிக்க வேண்டியிருக்கிறது, அழிப்பதற்குள் அடுத்தது முட்டிக்கொண்டு வருகிறது. மூன்றாவது தடவை அழித்த பிறகு பலகையை மனைவியின் மடியில் வைத்தார். அதன் மேல் சாய்ந்து எழுதிக்கொண்டே, இன்னொரு கையால் அக்காவைக் காட்டினார். அவளிடம் சொல்லு.

"அவர் உங்களத் திட்டறார்மா" என்றாள் அந்த அம்மா, மன்னிப்புக் கேட்கிற தொனியில்.

"சொல்லுங்க. கேக்கத்தான் வந்தேன்."

அந்த அம்மா பலகையைப் பார்த்துப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி, சொல் சொல்லாக. "கண்ணாடியப் பாத்தேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதுல என்ன தெரிஞ்சுதுன்னு கேட்டா முழிப்பாங்க." அவர் அழித்து எழுதினார். "பின்னால லாரி வருது. கண்ணாடியப் பாத்தேன்னு சொன்னா லாரி நின்னுடுமா?" அழித்தார். எழுதினார். "உங்கள மாதிரி ஆளைத்தான் நான் ரோட்டுல விட மாட்டேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவகூட விட்டதில்ல."

அக்காவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவில்லை.

மாஸ்டர் தலையை ஆட்டினார், திருப்தி இல்லை. பலகையைத் துடைத்து, இரண்டே சொல் பெரிதாக எழுதி, மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"சத்தமாப் படி" என்று படித்தாள் அந்த அம்மா, அதே மெல்லிய குரலில். படித்த பிறகுதான் அது தனக்குச் சொன்னது என்று புரிந்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார். அவள் எழுந்து நின்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

"கண்ணாடியப் பாத்தேன்னு எல்லாரும் சொல்லுவாங்க!"

முதல் சொல்லில் குரல் உடைந்தது, இரண்டாவதில் பிடித்துக்கொண்டது, மூன்றாவதில் அது தெருவுக்குப் போயிற்று. கீழே வண்டியில் இருந்த நர்ஸ் பயந்து பிரேக்கை மிதித்தாள். மாஸ்டர் எழுத எழுத அவள் திட்டினாள். பலகை வெறுமையான இடத்திலும் நிறுத்தாமல், அவர் எழுதாததையும் சேர்த்துத் திட்டினாள். அக்கா ஒரு சொல்லும் விடாமல் நின்று கேட்டுக்கொண்டாள்.